கொப்பிக்குத் துணி உறை: எங்கே பிசகுகிறது, எப்படித் திருத்துவது

புது வகுப்புத் தொடங்கும் காலம் வந்தால் கல்முனைப் பக்கம் தையல் மெசின் உள்ள வீடுகளில் கொப்பி உறை தைக்கும் வேலை சூடுபிடித்துவிடும். மருதமுனைக் கைத்தறித் துண்டு, பழைய சாரம், சட்டை தைத்து மிஞ்சிய பொப்ளின் என்று எல்லாவற்றிலும் தைப்பார்கள். தைத்து முடித்து, "இது சரிவரேல்ல, ஒருக்காப் பாருங்க" என்று என்னிடம் கொண்டுவரும் உறைகளில் திரும்பத் திரும்ப ஒரே பிழைகள்தான் இருக்கும். அவற்றைத்தான் இங்கே அடையாளம் வாரியாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் உறையில் தெரியும் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத சோதனை முதலில் வரும், செலவு வைக்கிறது கடைசியில் வரும். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். பலர் எடுத்த எடுப்பிலேயே மெசினைத்தான் குறை சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில் பாதிக்கு மேற்பட்ட பிழைகள் மெசினுக்குப் போவதற்கு முன்பே, அளவெடுக்கும்போதும் துணியைக் கழுவாமல் வெட்டும்போதும் உள்ளே வந்துவிடுகின்றன.

## ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு

இந்த அளவு இல்லாமல் கீழே உள்ளதைப் பின்பற்றுவது கடினம். ஏ5 அளவு டயறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 21 செ.மீ., அட்டை அகலம் 14.8, தடிப்பு 2. மூடி வைத்த டயறியின் முன் விளிம்பிலிருந்து முதுகைச் சுற்றிப் பின் விளிம்பு வரை நாடா பிடித்தால் 31.6 வரும். அதற்கு 1 செ.மீ. தளர்வு. உள்ளே மடிக்கும் காது இரண்டு பக்கமும் 7 வீதம் 14. ஆக, தைத்து முடிந்த நீளம் 46.6. உயரத்தில் டயறியின் 21 உடன் இன்னும் 1 சேர்த்து 22. வெளித்துணி, உள்துணி இரண்டையும் நாலு பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. விட்டு 48.6 க்கு 24 ஆக வெட்ட வேண்டும்.

உயரத்தில் ஏன் முழுதாக 1 செ.மீ. கூட்டுகிறோம்? காதை மடித்து மேலும் கீழும் ஓரத் தையல் போடும்போது ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. உள்ளே போய்விடும். மிச்சம் 4 மி.மீ. தான் கொப்பி நுழைய இடம். இந்த 6 மி.மீட்டரைக் கணக்கில் எடுக்காமல் வெட்டிய உறைகள்தான் என்னிடம் ஆகக் கூடுதலாக வருகின்றன.

## கொப்பி உள்ளே போகவில்லை, போனாலும் மூடவில்லை

முதலில் எந்தப் பக்கம் இறுக்கம் என்று பிரித்துப் பாருங்கள். முன்னட்டையை மட்டும் ஒரு காதுக்குள் விடுங்கள்.

அட்டையே காதுக்குள் நுழையவில்லை என்றால் உயரம் போதவில்லை. ஓரத் தையல் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 5, 6 மி.மீ. உள்ளே போயிருந்தால் நல்ல செய்திதான். காது உள்ள இடங்களில் அந்தத் தையலைப் பிரித்து, விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளித் திரும்பத் தைத்தால் மொத்தம் 6 முதல் 8 மி.மீ. கிடைக்கும். ஓரத் தையல் சரியான இடத்தில் இருந்தும் போதவில்லையா? கீழ்ப்பக்கத்தில் வெளித்துணியையும் உள்துணியையும் இணைத்த தையலைப் பிரித்து, 1 செ.மீ. விட்ட இடத்தில் அரை செ.மீ. மட்டும் விட்டுத் தையுங்கள். துணி நூல் பிரியாத துணியாக இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். 1 செ.மீட்டருக்கு மேல் குறைகிறது என்றால் அந்த உறையைச் சின்னக் கொப்பி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். ஒட்டுப் போட்டு நீட்டிய உறை ஒரு தவணைகூடத் தாங்காது.

நுழைகிறது, ஆனால் மூடும்போது அட்டை வளைந்து மேலே எழும்புகிறது என்றால் நீளம் போதவில்லை. கொப்பியை விரித்து வைத்து அளந்திருப்பீர்கள். விரித்த கொப்பியில் முதுகைச் சுற்றும் தூரம் குறைவு, மூடும்போதுதான் முழுத் தடிப்பையும் துணி சுற்றிவர வேண்டும். கடின அட்டை போட்ட தடித்த சி.ஆர். கொப்பியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். முன்னட்டையைக் காதுக்குள் விட்டு, முதுகைச் சுற்றித் துணியை இழுத்து, கொப்பியை மூடுங்கள். பின்பக்கக் காதின் மடிப்பு, அட்டை விளிம்பைத் தாண்டி அரை செ.மீ. அளவு வெளியே நிற்க வேண்டும். அது உள்ளே நின்றால் இறுக்கம் உறுதி.

திருத்துவது சுலபம். ஒரு பக்கக் காதின் மேல், கீழ்த் தையலை மட்டும் பிரியுங்கள். மடிப்பை 1 செ.மீ. வெளியே தள்ளி அயன் பிடித்து, திரும்பத் தையுங்கள். காது 7 இலிருந்து 6 ஆகும், உறை 1 செ.மீ. நீளும். போதாவிட்டால் மற்றப் பக்கமும் செய்யலாம். பழைய மடிப்புக் கோடு போக, ஈரத் துணி போட்டு மேலே அயன் வையுங்கள்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் தானாகத் திறந்துகொள்கிறது என்றால் முதுகைப் பாருங்கள். ஒட்டும் கன்வசை (விறைப்புக்காக அயன் சூட்டில் துணியின் உள்பக்கம் ஒட்டும் துணி) ஒரே துண்டாக முழு நீளத்துக்கும் ஒட்டினால் முதுகு விறைத்து நிற்கும். கன்வசை முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டாக வெட்டி, நடுவில் கொப்பியின் தடிப்பும் இரு பக்கமும் 3 மி.மீட்டரும் வெறுமையாக விட வேண்டும். காதுப் பகுதிக்குக் கன்வஸ் வேண்டவே வேண்டாம். தைத்து முடித்ததில் இதைத் திருத்த உள்துணியைப் பிரிக்க வேண்டிவரும். பத்துப் பதினைந்து நாள் பாவித்தால் முதுகு கொஞ்சம் பழகும், அதுவரை பொறுத்துப் பார்ப்பது நல்லது.

## தைத்தபோது சரி, கழுவியபிறகு சின்னதாகிவிட்டது

துணி சுருங்கிவிட்டது. கைத்தறியில் நெய்யுமுன், நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். முதல் கழுவலில் அந்தக் கஞ்சி கரைந்து நூல்கள் நெருங்கும். நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினாலே 46 செ.மீ. உறையில் 1.4 செ.மீ. போய்விடும். நாம் விட்ட தளர்வே 1 செ.மீ. தான்.

கழுவிய உறையை நனைத்துப் பிழிந்து, ஈரமாக இருக்கும்போதே கொப்பி அளவுக்கு இழுத்து அயன் பிடித்தால் கொஞ்சம் மீளும். அடுத்த கழுவலில் திரும்பச் சுருங்கும். ஆகவே மேலே சொன்னபடி காதைக் குறைப்பதுதான் நிலையான வழி. இனிமேல் வெட்டுவதற்கு முன் துணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்து, அயன் பிடித்து வையுங்கள். உள்துணியையும் அப்படியே. வெளித்துணியை மட்டும் கழுவிவிட்டு உள்துணியைப் புதிதாக வைத்துத் தைத்தால், முதல் கழுவலில் உள்துணி சுருங்கி உறை முழுவதும் உள்ளே சுருண்டுகொள்ளும். அதற்குப் பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே அறிய வேண்டுமா? துணியின் மூலையில் 10 செ.மீ. சதுரம் ஒன்றைப் பேனாவால் இல்லாமல் நூலால் ஓடித் தைத்துக் குறியுங்கள். கழுவிக் காயவைத்து அளந்தால் விடை கையில்.

## உறை தொளதொளக்கிறது, கொப்பி வழுக்கி வெளியே வருகிறது

காதின் அகலத்தை அளந்து பாருங்கள். 5 செ.மீட்டருக்குக் குறைவென்றால் கடின அட்டையைப் பிடிக்காது. உறை நீளமாகவும் இருந்தால் மடிப்பை உள்ளே தள்ளிக் காதை அகலமாக்குங்கள், இரண்டு குறையும் ஒன்றாகத் தீரும். ஆனால் அட்டையின் பாதி அகலத்துக்கு மேல் போனால் கடின அட்டையைப் பின்னால் வளைத்து நுழைக்க முடியாமல் போகும். மெல்லிய அட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பிக்கு இது எதிர்மாறு. அதன் அட்டை வளையும், ஆகவே காது எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. குறுகிய காது அட்டையின் ஓரத்தைச் சுருட்டிவிடும்.

காது அகலம் சரியாக இருந்தும் வழுக்கினால் உள்துணி பொலியெஸ்டரா என்று பாருங்கள். பழைய கொட்டன் சீலைத் துண்டு உள்துணிக்கு எவ்வளவோ மேல். தைத்ததைப் பிரிக்க மனமில்லை என்றால் பின்னட்டை விளிம்பில் ஒரு இலாஸ்டிக் வைத்து முன்னால் மாட்டிக்கொள்ளலாம்.

## உறை முறுகி நிற்கிறது, கோடுகள் சாய்ந்து ஓடுகின்றன

சாரத்துக் கட்டத் துணியில் தைக்கும்போது இது உடனே கண்ணில் படும். மேசையில் வெறும் உறையை விரித்து வையுங்கள். ஒரு மூலை எழும்பி நின்றால் வெட்டிய கோணம் பிழை.

துணியின் கரையை நம்பி வெட்டினீர்களா, கடையில் கிழித்த ஓரத்தை நம்பினீர்களா? கரைதான் பாவு ஓடும் திசை. ஊடை நூல் அதற்கு நேர் குறுக்கே நிற்க வேண்டும். கழுவிக் கொடியில் போட்டு இழுபட்ட துணியில் ஊடை சாய்ந்துவிடும். ஒரு ஊடை நூலை மெல்ல உருவி எடுத்தால் அது விட்ட கோடு தெரியும், அந்தக் கோட்டில் வெட்டுங்கள். கோடு சாய்ந்திருந்தால் ஈரத்தோடு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்து நேராக்கி அயன் பிடிக்கலாம்.

வெட்டு நேர், ஆனாலும் முறுகுகிறது என்றால் தைக்கும்போது மேல்துணி தள்ளப்பட்டிருக்கிறது. மெசினின் பற்கள் கீழ்த்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கும். நீண்ட பக்கத்தில் குண்டூசிகளைக் கிட்டக் கிட்டக் குத்தி, இரண்டு நீளப் பக்கத்தையும் ஒரே திசையில், அதாவது இரண்டையும் இடமிருந்து வலமாகத் தைத்தால் பெரும்பாலும் நிற்கும். தைத்து முடிந்த உறையில் முறுக்கு அரை செ.மீட்டருக்குள் என்றால் விடுங்கள், கொப்பி போட்டதும் தெரியாது.

## மூலை மொத்தையாக, உருண்டையாக நிற்கிறது

மூலையில் தையலுக்கு விட்ட துணியைச் சாய்வாக வெட்டினீர்களா? தையலிலிருந்து 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள், அதற்குக் கிட்டப் போகாதீர்கள். வெட்டியும் மொத்தை என்றால் கன்வஸ் தையலுக்குள் போயிருக்கும். கன்வஸ் தையல் கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளேயே நின்றுவிட வேண்டும். திருப்பும்போது கத்தரிக்கோல் நுனியால் குத்தாதீர்கள், மூலை ஓட்டையாகிவிடும். மழுங்கிய ஈர்க்குக் கட்டை அல்லது பின்னல் ஊசி போதும். திருப்புமுன் தையலுக்கு விட்ட துணியை இரண்டு பக்கமும் விரித்து ஒருமுறை அயன் பிடித்தால் மூலை தானாகவே கூராக வரும்.

## கன்வஸ் கொப்புளம் போட்டிருக்கிறது

அயனை இழுத்து இழுத்துத் தேய்த்திருப்பீர்கள். ஒட்டும் கன்வசுக்கு அயனை வைத்து அழுத்த வேண்டும். 10 முதல் 15 செக்கன், பிறகு தூக்கி அடுத்த இடம். ஈரத் துணியை மேலே போட்டு அப்படிச் செய்து, ஆறும் வரை அசையாமல் விட்டால் சின்னக் கொப்புளங்கள் அடங்கும். கழுவியபிறகு வந்த கொப்புளம் வேறு. துணி சுருங்கி, கன்வஸ் சுருங்காமல் நின்றதால் வந்தது. அது அயனுக்கு அடங்காது. பசைப் பக்கம் எது என்று சந்தேகமா? விரலால் தடவுங்கள், சொரசொரப்பான பக்கம்தான் துணியைப் பார்க்க வேண்டும்.

## துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது

அடியில் கூடு கட்டினால் எல்லாரும் கீழ்நூல் சுற்றிய பொபினைக் கழற்றுகிறார்கள். குற்றம் அநேகமாக மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்துவிட்டு மேல்நூலை முழுவதும் உருவி முதலிலிருந்து கோர்த்துவிடுங்கள். கால் இறங்கியிருக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்சன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவில் போய் உட்காராது. அடுத்து, தொடங்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டின் வாலையும் பிடித்துக்கொண்டு மூன்று நாலு தையல் போடுங்கள்.

இன்னும் கட்டுகிறதா? பொபின் கேஸைக் கழற்றி உள்ளே தூசி, அறுந்த நூல் துண்டு இருந்தால் எடுங்கள். கேஸைக் கழற்றக்கூடிய மெசினில் ஒரு சோதனை உண்டு. நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு மெல்லக் குலுக்குங்கள். கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். சின்னத் திருகைக் கால்சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள்.

## தையல் விட்டுவிட்டு விழுகிறது

இரண்டு மடிப்புக் கொட்டன் துண்டில் தைத்துப் பாருங்கள்.

அதில் நன்றாக விழுகிறது, உறையின் காது மடிப்பில் மட்டும் விடுகிறது என்றால் தடிப்புத்தான் காரணம். அந்த இடத்தில் வெளித்துணி, உள்துணி, கன்வஸ், மடிப்பு எல்லாம் சேர்ந்துவிடும். 11ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 14 போடுங்கள், டெனிம் என்றால் 16. தையல் நீளத்தை 3 மி.மீ. ஆக்குங்கள். தடித்த இடத்தில் ஏறும்போது துணியை அழுத்தும் கால் பின்பக்கம் சாயும். அதே தடிப்புக்கு மடித்த துணித் துண்டைக் காலின் பின்னால் வைத்தால் சமனாக நிற்கும். அந்த நாலைந்து தையலைச் சில்லைக் கையால் சுற்றிப் போடுங்கள். மிதிக்கும்போது சில்லு நின்று பெல்ட் மட்டும் வழுக்கினால், கால் மெசினின் தோல் பெல்ட் நீண்டுவிட்டது. கொஞ்சம் வெட்டிக் கம்பியால் திரும்ப இணைத்தால் சரி, அதற்கு ஆள் தேவையில்லை.

சாதாரணத் துண்டிலும் விடுகிறது என்றால் ஊசியை மாற்றுங்கள். பழையது நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். கரையோர ஊர்களில் உப்புக் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத துருவே நூலைப் பிடித்துவிடும். ஒட்டும் கன்வஸில் தைத்த ஊசியில் பசையும் ஒட்டியிருக்கும். புது ஊசியை மேலே முட்டும் வரை ஏற்றித் திருகுங்கள். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளப் பள்ளம் ஒன்று ஓடும், அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கண்ணுக்குள் போக வேண்டும். பக்கம் மாறினால் எந்த மெசினும் தைக்காது.

பிறகு எண்ணெய். மெசின் எண்ணெய் மட்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது சில மாதத்தில் பிசினாக இறுகி, சில்லே சுற்றாமல் செய்துவிடும். அப்படி இறுகிய மெசின்களைப் பார்க்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், பல வீடுகளில் அதுதான் சம்பாதிக்கும் கை.

மெசின் திருத்துபவரைக் கூப்பிட வேண்டிய இடம்: புது ஊசி, சரியாகக் கோர்த்த நூல், துப்புரவான பொபின் கேஸ் எல்லாம் இருந்தும் இரண்டு மடிப்புத் துணியில் தையல் விடுகிறது, அல்லது ஊசி உள்ளே இரும்பில் முட்டி முறிகிறது. கீழே நூலைக் கொக்கி பிடிக்கும் நேரம் விலகியிருக்கும். அதை வீட்டில் திருகிப் பார்க்க வேண்டாம். தையல் விட்ட துணித் துண்டையும் அதே நூலையும் அவரிடம் காட்டுங்கள். வெறும் வாயால் சொல்வதைவிட அது அவருக்கு உதவும், உங்களுக்கும் காசு மிச்சம்.

## தையல் ஓரம் சுருங்கிச் சுருங்கி நிற்கிறது

மேல்நூல் டென்சனை ஒரு எண் குறையுங்கள். மெல்லிய துணிக்கு ஊசி 11 போதும், நீளம் 2.5. நூலைப் பொபினில் வேகமாகச் சுற்றியிருந்தால் பொலியெஸ்டர் நூல் இழுபட்டுச் சுற்றிக்கொண்டு, தைத்தபிறகு சுருங்கும். மெதுவாகச் சுற்றிய பொபின் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

## ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தையல் வாய் திறக்கிறது

தளர்வாக நெய்த கைத்தறியில் இது இயல்பு. உறையின் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தையலுக்கு வெளியே அரை செ.மீட்டருக்குக் குறைவான துணிதான் மிஞ்சியிருந்தால் வெறுமனே திரும்பத் தைத்தும் பயனில்லை. அந்த இடத்தில் உள்ளே ஒரு கீலம் ஒட்டும் கன்வஸ் வைத்து அயன் பிடித்து, தையல் நீளத்தை 2 மி.மீ. ஆக்கி, பழைய கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே தையுங்கள்.

அடுத்த உறைக்குத் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டியவுடன் ஓரத்துக்குச் சிக்சாக் போடுங்கள். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெசின் என்றால், வெட்டிய துண்டுகளை எல்லாம் சேர்த்துத் தையல் கடையில் கொடுத்து ஓவர்லொக் அடித்து வாங்குவது நல்லது. ஒரு உறைக்காகப் போவதைவிட வகுப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் வெட்டிக் கொண்டுபோனால் வேலையும் குறையும், கடைக்காரரும் முகம் சுளிக்கமாட்டார்.

## சாயம் கொப்பியிலும் கையிலும் ஒட்டுகிறது

வெள்ளைத் துணியை நனைத்து உறையின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் கழுவிக் கழுவித் தண்ணீர் தெளியும் வரை விட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். அதை நம்பி வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடப் பைக்குள் வைக்க வேண்டாம். கடும் சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றையும் வெட்டுமுன் கட்டாயம் சோதியுங்கள். தெளியவே இல்லை என்றால் அந்தத் துணியை வேறு வேலைக்கு எடுத்துவைத்துவிட்டு, உறைக்கு வேறு துணி பாருங்கள்.

## மாரியில் பூஞ்சணம், புழுங்கல் மணம்

வெளியே தெரியும் பூஞ்சணத்தைச் சவர்க்காரத்தால் கழுவி நல்ல வெயிலில் போட்டால் போகும். ஆனால் உறை விறைப்பாக நிற்க வேண்டும் என்று உள்ளே கடதாசி அட்டையைத் தைத்து மூடியிருந்தால், வெயிலில் துணி மட்டும் காயும், அட்டை காயாது. தட்டிப் பாருங்கள். மெத்தென்று சத்தம் வந்தால் கீழ்த் தையலை ஒரு சாண் அளவு பிரித்து அட்டையை உருவி எறியுங்கள். அந்த வாயைத் திரும்பத் தைக்காமல் உள்துணிப் பக்கம் மடித்து விட்டுவிட்டால், மழை குறைந்தபிறகு புது அட்டை வைக்கவும் கழுவும்போது எடுக்கவும் அதுவே வழியாக இருக்கும்.